மண்ணின் பாரம் அறிந்த மாமேதை கூலூம்

மின்னூட்டங்களுக்கிடையே தோன்றும் விசையைக் கூறும் கூலூம் விதியை நம் மாணவமணிகள் மேனிலை வகுப்பில் பயில்கின்றனர். அவ்விதிக்குப் பெயர் தந்த பெருமகனார் முப்பது ஆண்டுகள் மண்ணோடும் கல்லோடும் போராடிய பொறியாளர் என்பதைப் பலர் அறியார். மலைச்சரிவிலே குடியிருக்கும் நீலகிரி மக்களாகிய நமக்கு அவர்தம் வாழ்வின் இப்பகுதியே மிக நெருங்கியது. ஆதலின் நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அதனை எழுத முற்பட்டோம்.

சார்லஸ் அகஸ்டின் கூலூம் 1736ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பிரான்சு நாட்டின் அங்கூலேம் நகரில் பிறந்தார். தந்தையார் பொருளை இழந்தமையால் குடும்பம் நொடித்தது. எனினும் கணிதத்தில் கொண்ட காதலை அவர் கைவிடவில்லை. 1760இல் மெசியேர் நகரின் இராணுவப் பொறியியற் பள்ளியில் சேர்ந்து, அடுத்த ஆண்டே தேறி வெளிவந்தார்.

1764இல் அவர் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட மக்களின் வியர்வையால் கரும்புத் தோட்டங்கள் செழித்த தீவு அது. அங்கே குன்றின்மேல் பூர்போன் கோட்டையைக் கட்டும் பணியை எட்டாண்டுக் காலம் நடத்தினார். பன்முறை நோயுற்று உடல் நலிந்தார். ஆயினும் அத்தீவே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஏட்டில் கற்ற கணக்கு வேறு, சரிந்து விழும் மண் வேறு என்பதை அங்கேதான் உணர்ந்தார்.

மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் எத்துணைப் பருமனாய் இருத்தல் வேண்டும்? இதுவே அவர் முன் நின்ற வினா. சுவர் சாயும்போது பின்னுள்ள மண் முழுவதும் நகர்வதில்லை. ஆப்பு வடிவிலே ஒரு பகுதி மட்டும் பிரிந்து, சாய்ந்த ஒரு தளத்தின் வழியே சறுக்குகிறது. அச்சறுக்கலை எதிர்ப்பவை இரண்டு. மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடிப்பு ஒன்று. அவற்றிடையே எழும் உராய்வு மற்றொன்று. எந்தச் சாய்வில் பிரியும் ஆப்பு சுவரை மிகுதியாக நெருக்குமோ, அதனைக் கணித்து அதற்கேற்பச் சுவரை அமைத்தல் வேண்டும் என்று அவர் காட்டினார். இவ்வாய்வுரையை 1773இல் பாரிசு அறிவியற் கழகத்தின் முன் அளித்தார். 1776இல் அது அச்சேறியது.

இதன் உட்பொருளை நம் இளைஞர்கள் ஒரு சுண்ணக்கட்டியைக் கொண்டே அறியலாம். அதனை இரு முனைகளிலும் பற்றி நேரே இழுத்தால் குறுக்கே முறியும். முறுக்கினாலோ ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் திருகு வடிவாய் முறியும். காரணம் யாது? திடப்பொருளின் ஒரு புள்ளியிலே செயற்படும் தகைவு, நாம் கருதும் தளத்துக்குத் தளம் மாறுபடுகிறது. ஒரு தளத்தில் அது சறுக்கச் செய்யும். மற்றொரு தளத்தில் இழுக்கும், அல்லது அழுத்தும். சறுக்கலே இன்றி, இழுப்பு அல்லது அழுத்தம் மட்டும் நிலவும் மூன்று செங்குத்துத் தளங்கள் ஒவ்வொரு புள்ளியிலும் உண்டு. அத்தளங்களில் உள்ளவையே முதன்மைத் தகைவுகள். முறுக்கிய சுண்ணக்கட்டி, இழுப்பு மிகுந்த தளத்திலே பிளக்கிறது. எல்லாத் தளங்களின் தகைவையும் ஒருங்கே அடக்கிக் கூறும் கணித அமைப்பைத் தகைவு டென்சர் என்பர். இதனை 1822இல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் கோஷி. 1882இல் செர்மானியப் பொறியாளர் மோர் அதனை ஒரு வட்டத்தால் வரைந்து காட்டினார். இவ்விருவருக்கும் முன்னரே, பொருள் எந்தத் தளத்தில் முறியும் என்று வினவியவர் கூலூம். ஆகவேதான் இன்றும் மண்ணின் வலிமையை மோர்–கூலூம் விதி கொண்டு கணிக்கின்றனர்.

இக்கணக்கு நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், உதகை, கேத்திப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழைநீர் மண்ணின் எடையைக் கூட்டுகிறது. துகள்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கி உராய்வையும் குறைக்கிறது. சரிவின் அடியை வெட்டினால் தாங்கும் மண் போய்விடுகிறது. நீர் வடியத் துளையில்லாத சுவர், மண்ணோடு நீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகிறது. இவற்றை அறியாது கட்டிய சுவரின் கீழ் உறங்குவோர் பெரும்பாலும் ஏழை எளியோரே.

கூலூம் அஞ்சாமைக்கும் எடுத்துக்காட்டாவார். 1783இல் பிரித்தானிப் பகுதியின் கால்வாய்த் திட்டம் ஒன்றை ஆராய்ந்து, அது செலவுக்கேற்ற பயன் தாராது என்றார். மேலிடத்தின் சினத்துக்கு ஆளாகி ஒரு வார அளவு சிறையிருந்தார்; எனினும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1784இல் கம்பியின் முறுக்கத்தை ஆராய்ந்தார். அம்முறுக்கத் தராசைக் கொண்டே 1785இல் மின்விசை விதியை மெய்ப்பித்தார்.

உழைப்பாளியின் உடலையும் அவர் மறக்கவில்லை. ஒருவன் ஒரு நாளில் சோர்வுறாது எவ்வளவு வேலை செய்ய இயலும் என்பதைச் சுமை தூக்குவோரிடத்தும் மண்வெட்டுவோரிடத்தும் அளந்து, 1799இல் வெளியிட்டார். சுமையை அளவின்றி ஏற்றினால் மொத்த வேலையே குறையும் என்று கணக்காற் காட்டினார். வெப்பமிக்க மார்த்தினிக்கில் பிரான்சில் நடக்கும் வேலையில் பாதியும் ஒருவரிடம் எதிர்பார்க்கலாகாது என்பதையும் பதிவு செய்தார். கூலியாளின் களைப்பைச் சோம்பல் என்று பழித்த உலகில், அதனை அறிவியலாக்கியது சிறு செயலன்று.

1802 முதல் பொதுக்கல்வித் துறையின் தலைமை ஆய்வாளருள் ஒருவராய் விளங்கி, உயர்நிலைப் பள்ளிகள் அமையத் துணைநின்று, 1806 ஆகஸ்டு 23ஆம் நாள் பாரிசில் மறைந்தார்.

இம்மலையின் சாலைகளையும் தோட்டச் சுவர்களையும் கல் சுமந்து எழுப்பிய கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. சுவர் எங்கே, எவ்வளவு கனத்தில் எழ வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் அமர்த்தப்படவில்லை. அவ்விடத்தில் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அதற்கு வழி கணிதமும் இயற்பியலுமே. அவற்றைக் கடினம் என்று ஒதுக்காது, பொறியியல் பயில நம் இளைஞரும் இளம்பெண்டிரும் முன்வருவாராக! அன்று லைன் வீடுகளின் பின்னுள்ள சுவர்களும் கணக்கறிந்து எழும்.