கலாம் கண்விழித்த இரவு

சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில் நைட்ரிக் அமிலம் ஒரு துளி என் சுட்டுவிரலில் பட்டுவிட்டது. உடனே குழாயடியில் கையை நீட்டினேன். ஆயினும் தோல் மஞ்சளாகி, அக்கறை பல நாட்கள் போகவில்லை. தோலின் புரதத்தோடு அமிலம் வினைபுரிவதால் வரும் நிறம் அது. டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றைப் படித்தபோது அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டேன்.

1931 அக்டோபர் 15இல் இராமேசுவரத்தில் பிறந்ததும், சிறுவயதில் செய்தித்தாள் போட்டதும், குடியரசுத் தலைவரானதும், 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவரிடையே பேசும்போதே மறைந்ததும் நாம் அறிந்தவையே. நான் சொல்ல வந்தது 1979ஆம் ஆண்டைப் பற்றி.

அப்போது அவர் எஸ்.எல்.வி.-3 திட்ட இயக்குநர். ராக்கெட்டின் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தரையில் சோதிக்க அறுவர் ஆயத்தமாயிருந்தனர். பதினைந்து நிமிடமே இருக்கையில், பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று இயங்கவில்லை. என்னவென்று பார்க்க அருகே சென்றார்கள். நைட்ரிக் அமிலத் தொட்டி வெடித்து அறுவரையும் சுட்டது.

அது நம் ஆய்வுக்கூடப் புட்டியிலுள்ள அமிலம் அன்று. நைட்ரஜன் டை ஆக்சைடு கரைந்த, செம்புகை கக்கும் அமிலம். தோலோடு நில்லாமல் அடியிலுள்ள தசையையும் அரிக்கும். புகையை முகர்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். பட்டவுடன் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருப்பதுதான் முதல் சிகிச்சை. இன்றும் ராக்கெட்டுகளில் பயன்படும் ஹைட்ரசீன் வகை எரிபொருள்களோ தோல் வழியே உள்ளே புகுந்து கல்லீரலையும் நரம்புகளையும் தாக்கக்கூடியவை.

கலாம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினார். ஒரே நேரத்தில் ஆறு படுக்கைகள் எங்கே கிடைக்கும்? கெஞ்சித்தான் பெற்றார். உடலெங்கும் வெந்திருந்த தோழர் ஒருவரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்தார். மூன்று மணியளவில் நினைவு திரும்பிய அத்தோழர், வேலை தாமதமானதற்காகத்தான் முதலில் வருந்தினாராம். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. உயிரை இப்படியா மலிவாக எண்ணுவது என்று சற்றுக் கோபமாகவும் இருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 10இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3, அதே இரண்டாம் கட்டத்தில் அதே அமிலம் கசிந்துபோனதால் 317 நொடிகளில் கடலில் விழுந்தது. வால்வில் புகுந்த மாசுதான் காரணம். 1980 ஜூலை 18இல் ரோகிணி விண்ணேறியது.

ராக்கெட் ஏவும் நாட்களில் நம் திருத்தணி மலைப்படிகளில் நின்று வடகிழக்கு வானைப் பார்ப்பது எங்கள் வழக்கம். இப்போதெல்லாம் அந்த ஒளியைத் தேடும்போது, அதற்கு முன் அங்கே எரிபொருள் நிரப்பியவர்களின் கைகளும் என் நினைவுக்கு வருகின்றன.