கல்வியைத் தேடி நடந்தவர்

கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் முட்டா நதி, புனே நகரின் மையப்பகுதியை அடையுமுன் ஹிங்கணே என்னும் பழைய கிராமத்தை ஒட்டிச் செல்கிறது. இன்று கார்வே நகர் என வழங்கும் அவ்விடம், மகரிஷி தோண்டோ கேசவ் கார்வே என்ற கர்மயோகியின் தவபூமியாகும்.

1858 ஏப்ரல் 18 அன்று கொங்கணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் கார்வே. அவர் வளர்ந்த முருட் கிராமத்தில் மேற்படிப்புக்கு வசதி இல்லை. ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் தேர்வை வெளியூர் சென்றே எழுத வேண்டும். தேர்வு நெருங்கிய வேளையில் கடல் கொந்தளித்ததால் படகில் செல்ல இயலவில்லை. பதினேழு வயதுச் சிறுவர் நண்பர்களுடன் மலைப்பாதையில் நூறு மைல்களுக்கு மேல் நடந்து சாதாராவை அடைந்தார். அவரது சிறிய உருவத்தைக் கண்ட அதிகாரிகள், வயது போதாது என்று கருதித் தேர்வெழுத அனுமதிக்கவில்லை. அவரோ மனம் தளரவில்லை; பின்னர் கோலாப்பூரில் அத்தேர்வில் தேறினார். மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது 23. மும்பையில் பிறருக்குப் பாடம் சொல்லிப் பொருளீட்டியபடியே படித்து 1884-இல் பட்டம் பெற்றார். 1891-இல் புனே பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

தொலைவும் வறுமையும் தம்மைத் தடுத்தது போல, விதவைப் பெண்களைச் சமூக வழக்கமும் தடுப்பதை அவர் உணர்ந்தார். 1893-இல் விதவையான கோதுபாயை மணந்ததால் சொந்த ஊரே அவரை விலக்கி வைத்தது. 1896-இல் விதவையர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1900-இல் அது ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறியது. கல்லூரிப் பணி முடிந்ததும் கரடுமுரடான பாதையில் நடந்து அங்கு செல்வார். அங்கே எழுத்தறிவு பெற்ற பெண்கள் பலர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தம் காலில் நின்றனர். 1916-இல் தாய்மொழி வழியே உயர்கல்வி தரும் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

78 வயதிலும் அவர் ஓயவில்லை. பள்ளியில்லாத கிராமங்களுக்காக 1936-இல் ஒரு சங்கம் அமைத்து, தமது சொற்ப ஓய்வூதியத்தின் ஒரு பகுதியையும் அதற்கு அளித்தார். பிறரிடமும் சென்று நிதி திரட்டினார். 1958-இல், நூறாவது வயதில், பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. 1962 நவம்பர் 9 அன்று மறைந்தார்.

கல்விக்காக ஓர் ஏழைச் சிறுவன் மலை கடந்து நடந்தது போற்றத்தக்கதே. ஆனால் இனி எவரும் அவ்வாறு நடக்க நேராதபடி கல்வியை அவர்களின் வாசலுக்கே கொண்டு சேர்ப்பதுதான் உண்மையான சேவை. அதுவே கார்வேயின் வாழ்க்கை நமக்குக் காட்டும் வழி.