புழுவின் முதுகை எண்ணிப் பார்த்தவர்

விஞ்ஞானி வாழ்க்கை வரலாறுன்னா நியூட்டன், டெஸ்லா, கலாம் ஐயான்னுதான் நம்ம மனசு போகும். இந்த முறை கொஞ்சம் வேற பக்கம் போகலாம். கடல் புழு ஒன்றின் கால்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அதற்கு ஒரு பெயரும் கொடுத்த பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். புழுதானேன்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. முடிக்கும்போது உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஞாபகம் வரலாம்.

அவர் பெயர் ஜூல்-சேசார் சவின்யி. விலங்கியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான பெயர், நமக்குத்தான் புதுசு. 1777 ஏப்ரல் 5 அன்று, பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள ப்ரொவான் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினாறு வயதில், புரட்சி கொதித்துக்கொண்டிருந்த பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லாமார்க் போன்றவர்களின் நிழலில் படித்தார். பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஒட்டகச்சிவிங்கியோட கழுத்தை வைத்துப் படிச்சோமே, அதே லாமார்க்தான்.

கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு

1798-இல் நெப்போலியன் எகிப்தின் மேல் படையெடுத்தார். படையோடு சுமார் 150 அறிஞர்களையும் பொறியாளர்களையும் கூட்டிப் போனார். விலங்கியலுக்கு முதலில் அழைக்கப்பட்டவர் கூவியே. அவர் போகவில்லை, தனக்குப் பதிலாக சவின்யியைக் கைகாட்டினார். சவின்யியோ செடிகொடிகளில் ஊறியவர். முதுகெலும்புள்ள விலங்குகள் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேருக்குப் போக, பூச்சி, புழு, சிப்பி எல்லாம் இவர் தலையில் விழுந்தன. கவுன்சிலிங்கில் கேட்ட டிபார்ட்மென்ட் கிடைக்காமல் வேறொன்றில் சேர்ந்து, பிறகு அதிலேயே ஊறிப்போனவர்கள் நம்ம நடுவிலும் இருக்காங்க இல்லையா? அப்போது இவருக்கு வயது 21.

நைல் கழிமுகத்திலும் செங்கடல் கரையிலும் மூன்று வருடம் சேகரித்தார். 1801-இல் பிரெஞ்சுப் படை அலெக்ஸாண்ட்ரியாவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சேகரிப்புகளையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஜெஃப்ராய், சவின்யி, தாவரவியலாளர் டெலீல் மூவரும் மறுத்துவிட்டார்கள். பிடுங்கினால் எல்லாவற்றையும் நாங்களே எரித்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். ஆங்கிலேயர்கள் இறங்கி வந்தார்கள். ரொசெட்டா கல் லண்டனுக்குப் போனது. புழுவும் பூச்சியும் பாரிஸுக்குத் திரும்பின!

வாயில் ஆரம்பித்த கேள்வி

பாரிஸ் திரும்பியவருக்குப் பல வருடத்துக்கு வேலை காத்திருந்தது. எகிப்து பற்றி அரசு வெளியிட்ட பிரம்மாண்டமான நூல் தொகுதிக்கு, முதுகெலும்பற்ற விலங்குகளின் படங்களையும் விளக்கங்களையும் இவர்தான் தர வேண்டும்.

வரைய வரைய அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வண்டு இலையைக் கடிக்கிறது; வண்ணத்துப்பூச்சி தேனை உறிஞ்சுகிறது. ஒன்றுக்குத் தாடை, இன்னொன்றுக்குச் சுருட்டிய குழல். பார்த்தால் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு உறுப்பும் எந்த இடத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்தால், இரண்டு வாயும் ஒரே பாகங்களால் ஆனவை. வடிவம்தான் மாறியிருக்கிறது. இதை 1816-இல் வெளியிட்டார். ஒரு பாகம் எப்படித் தெரிகிறது என்பதைவிட, எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். இதுதான் அவர் பாணி.

இதே பாணியோடு செதில் புழுவிடம் வந்தார்.

செதில் புழு, மண்புழுவும் அட்டையும் சேர்ந்த வளைதசைப் புழுக்கள் கூட்டத்தில் ஒரு கடல்வாசி. முதுகில் இரண்டு வரிசையாக, ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில்கள் இருக்கும். 1758-இல் லின்னேயஸ் இவற்றுக்கு அஃப்ரோடிட்டா என்று பேர் வைத்தார். கிரேக்கக் காதல் தேவதையின் பெயர்! ஆனால் அந்த ஒரே பையில், உடம்பெல்லாம் மயிர் மூடி உள்ளங்கை நீளம் வளரும் கடல் எலி எனும் புழுவும், கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் தட்டையான சின்னப் புழுக்களும் ஒன்றாகக் கிடந்தன.

எதை வைத்துப் பிரிப்பது? நிறம் மாறும். செதிலை நம்பலாமா என்றால், பிடித்த கையோடு பல புழுக்கள் செதிலை உதிர்த்துவிடும். சவின்யி கால்களை எண்ணினார். செதில் எல்லாக் காலுக்கும் மேலே இல்லை. இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது கால்கள். பிறகு 7, 9, 11 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக 23 வரை. செதில் இல்லாத கால்களின் மேல் நூல் போன்ற ஓர் உணர்கொம்பு இருக்கிறது. செதில் இருக்கும் இடத்தில் நூல் இல்லை. நூல் இருக்கும் இடத்தில் செதில் இல்லை. செதில் உதிர்ந்தாலும் அது உட்கார்ந்திருந்த மேடு உடம்பில் அப்படியே நிற்கும். அதனால் மொட்டையாகிப்போன புழுவையும் எண்ணி அடையாளம் காணலாம். யோசிச்சுப் பாருங்க, பெயின்ட் போனாலும் போல்ட் ஓட்டையை வைத்து மெஷின் மாடலைக் கண்டுபிடிப்பது போலத்தானே இது!

இப்படிப் பார்த்து அந்தக் குடும்பத்தை மூன்று பேரினங்களாகப் பிரித்தார்: பால்மைரா, ஹாலிதியா, பாலிநோயி. பாலிநோயி என்பது கிரேக்கக் கதையில் வரும் ஒரு கடல் கன்னியின் பெயர். இந்தப் பெயர்களை அவருடைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்து லாமார்க் 1818-இலேயே தன் நூலில் சேர்த்துவிட்டார். சவின்யியின் சொந்த நூல் 1822-இல்தான் வெளிவந்தது. அதனால் பாலிநோயிக்குப் பக்கத்தில் யார் பெயரை எழுதுவது என்பதில் இன்றும் ஒருமித்த வழக்கம் இல்லை. ஹாலிதியா நிலைக்கவில்லை, லின்னேயஸின் பெயர் முந்தியது என்பதால் அஃப்ரோடிட்டாவே வென்றது. பெயரிடுவதில் முதலில் வந்தவருக்கே உரிமை.

இருட்டு

இதற்கிடையே, 1817-இல் அவர் கண்ணில் ஒரு கோளாறு ஆரம்பித்தது. கொஞ்சம் தேறி மறுபடி வேலைக்கு வந்தார். 1821-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1824-இல் நோய் திரும்ப வந்தது, இந்த முறை போகவே இல்லை.

அது வெறும் பார்வைக் குறைவு இல்லை. வெளிச்சம் பட்டாலே வேதனை. கண்ணை மூடினாலும் உள்ளே ஒளிப்பிழம்புகளும் உருவங்களும் ஓயாமல் ஓடின. வெர்சாய் அருகே ஒரு வீட்டில், இருட்டறையில், முகத்தில் கறுப்புத் துணியோடு வாழ்ந்தார். அங்கேயும் பழக்கம் விடவில்லை. தன் கண்ணுக்குள் தெரிந்தவற்றையே ஆராய்ச்சிப் பொருள் போலக் கவனித்து, 1838-இல் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். புழுவைப் பார்க்க முடியாதவர், பார்க்க முடியாமையையே உற்றுப் பார்த்தார்.

எகிப்து நூலில் என்ன நடந்தது தெரியுமா? படத்தகடுகள் செதுக்கித் தயார். ஒவ்வொரு காலும், ஒவ்வொரு முள்ளும் துல்லியம். ஆனால் பெரும்பாலானவற்றில் எந்தப் படம் எந்த உயிர் என்று சொல்லும் விளக்கம் இல்லை. அரசு காத்துப் பார்த்துவிட்டு, ஓடுவான் என்ற இளைஞரிடம் வேலையைக் கொடுத்தது. சவின்யியின் குறிப்புகளும் இல்லை, உதவியும் இல்லை. ஓடுவான் படத்தை மட்டும் பார்த்து, 1826-ஐ ஒட்டிப் பல உயிர்களுக்குப் பெயர் வைத்தார். சிலவற்றுக்குச் சவின்யியின் பெயரையே சூட்டினார். டைமென்ஷன் எல்லாம் சரியாக இருந்து, டைட்டில் பிளாக் மட்டும் காலியாக இருக்கும் டிராயிங் ஷீட்டை உங்க கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஓடுவான் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆனால் அந்த உயிர் எந்தக் கரையில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்பதெல்லாம் படத்தில் இல்லை. அதைத் தெரிந்த ஒரே ஆள் இருட்டறையில் இருந்தார்.

27 வருடம் அப்படியே கழிந்தது. 1851 அக்டோபர் 5 அன்று சவின்யி இறந்தார். அதே வருடம்தான் சுவீடனின் யூஜினி என்ற கப்பல் உலகைச் சுற்றப் புறப்பட்டது. அதில் போன கின்பெர்க், 1856-இல் பாலிநோயி என்ற அந்தப் பெயரை வேராக வைத்து பாலிநோயிடே என்ற குடும்பத்தை நிறுவினார். இன்று அதில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் புதிதாக ஒரு செதில் புழு கிடைத்தாலும், ஆராய்ச்சியாளர் முதலில் செய்வது எந்தக் காலில் செதில், எந்தக் காலில் நூல் என்று எண்ணுவதுதான்.

அவர் எண்ணி எழுதி முடித்தது 200 வருடம் கழித்தும் வேலை செய்கிறது. வரைந்துவிட்டு எழுதாமல் போனதை இன்னொருவர் ஊகிக்க வேண்டி வந்தது. நோய் சொல்லிவிட்டு வராது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. நம்ம கதை அப்படியில்லை. கோட் ஓடுது, சர்க்யூட் எரியுது, ரிப்போர்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு வச்சிருக்கீங்களா? இன்னிக்கு ராத்திரியே நாலு வரி எழுதி வச்சுடுங்க நண்பர்களே.