நோயாளியின் மொழி கற்ற வைத்தியர்: டாக்டர் கிறீன்

யாழ்ப்பாணத்திலே ஆங்கில வைத்தியம் வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் மானிப்பாயை விட்டு எழுத முடியாது. மானிப்பாயை எழுதினால் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களை விட்டு எழுத முடியாது. அவர் வைத்தியத்துக்கு வகுத்துத் தந்த முறை இன்று தாதியர் பயிற்சி பெறும் நம் இளைஞர்க்கும் யுவதிகளுக்கும் பெரிதும் பயன்படும்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்ததும் அவ்வாண்டின் டிசெம்பர் மாதத்திலேதான். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845 இற் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு வைத்திய வகுப்பொன்றைத் தொடங்கினார். கொழும்பில் அரசினர் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870 இல். மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு மூத்தது.

அக்காலத்து வைத்தியரின் கையில் இருந்தவை சிலவே. நோயைப் பரப்புவன கிருமிகள் என்பது அப்பொழுது நிலைநாட்டப்படவில்லை. பிரசவம் பார்க்கும் வைத்தியர் கை கழுவினால் தாய்மார் மரணம் குறையும் என்று வியன்னாவிலே செம்மல்வைஸ் கண்டதே 1847 இல்தான். அதனையும் அன்று பலர் ஏற்கவில்லை. எக்ஸ்றே கதிர் 1895 இற்றான் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தத்தைச் சோதித்து நோயறியும் கூடங்களும் இல்லை. ஆகவே வைத்தியரின் தீர்ப்பு மூன்றிலே தங்கியிருந்தது: கண்ணாற் காணல், கையாற் தொட்டறிதல், வாயாற் கேட்டறிதல்.

இம்மூன்றினுள் கேட்டறிதலுக்கு நோயாளியின் மொழி வேண்டும். வயிற்றுளைவு, வயிற்றெரிவு, வயிற்றுக்குத்து என்று நம் ஊர் மக்கள் சொல்லும் மூன்றும் ஒன்றல்ல. ஒன்று குடலில் உள்ள கோளாறைக் காட்டும். மற்றொன்று இரைப்பையைக் காட்டும். வேறொன்று உடனே கவனிக்க வேண்டிய ஆபத்தாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் வயிற்றுவலி என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துக் கூறினால், எந்த நோயாளியை முதலிற் பார்ப்பது, யாரைச் சற்றுக் காக்க வைப்பது என்ற தீர்ப்புத் தவறிவிடும். கிறீன் தமிழைக் கருத்தூன்றிக் கற்றார். நோயாளி தன் வாயாற் சொல்வதை இடையில் ஒருவரின்றி நேரே விளங்கிக்கொள்ள அக்கல்வி அவருக்கு உதவியது.

முதலில் அவர் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். உடல்நலம் குன்றித் தாய்நாடு சென்று, 1862 இல் மணம் முடித்து மீண்டும் வந்தபின், 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வேறு ஊர்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்து நோயாளி முன்போலவே தனித்து விடப்படுவதையும் அவர் கண்டிருந்தார். தமிழிற் படித்தவன் தன் ஊரிலேயே தங்கித் தன் மக்களுக்குத் தொண்டு செய்வான் என்பது அவர் எண்ணம். உத்தியோகத்தைக் கருதிய பலருக்கு இது கசப்பாயிருந்தது. அவரோ மாணவர் தங்கள் உடையையும் பழக்கவழக்கங்களையும் விட்டு மேனாட்டார்போல் நடப்பதையும் விரும்பவில்லை. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! அவர் நூல்கள் வெளிவந்த ஒழுங்கு நோக்கத்தக்கது. 1857 இல் வெளிவந்தவை இரண்டு. ஒன்று உடலின் அமைப்பையும் தொழிலையும் சுகத்தைப் பேணும் முறையையும் கூறியது. மற்றையது பிரசவ வைத்தியம். சத்திர சிகிச்சையைக் கூறும் இரணவைத்தியம் பத்து ஆண்டு கழித்து 1867 இல் வந்தது. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இல் வந்தன. நோய் வராமற் காப்பதும், தாயையும் சேயையும் காப்பதும் முதலில் அச்சேறின; கத்தி எடுக்கும் வித்தை பின்னரே வந்தது. கலைச்சொல் வேண்டியவிடத்துத் தமிழிலும் வடமொழியிலும் தேடி, கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தார். அவர் மாணவர் பலர் இப்பணியில் அவருக்குத் துணைநின்றனர்.

கிறீன் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவரும் அதனை மறைத்தவரல்லர். நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், கிறீன் மானிப்பாயில் அமர்ந்த அதே 1848 இல்தான். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். எனினும் கற்றவர்க்கு மட்டும் உரியதாய் இருந்த அறிவை எளிய தமிழ் வசனத்தில் எல்லார்க்கும் கொடுக்கலாம் என்று இருவரும் ஒரே காலத்திற் செய்துகாட்டினர். மிஷன் பாடசாலையிற் படித்து இச்சங்கத்து மலரில் எழுதும் எனக்கு இருவரும் ஆசிரியர்களே.

1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். ஆயினும் தமிழ்ப் பணி நிற்கவில்லை. அங்கிருந்தே உழைத்து மனுஷ சுகரணம் என்ற நூலை 1883 இல் வெளிவரச் செய்தார். 1884 ஆம் ஆண்டு மே 28 இற் காலமானார். அவர் விருப்பப்படி, தமிழர்க்கு ஊழியம் செய்த வைத்தியர் என்ற செய்தியே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இருக்கின்றது.

இன்று நம் பல்கலைக்கழகத்திலே தாதியியல் பட்டப்படிப்பாக வளர்ந்திருக்கின்றது. மூச்சைக் கவனி, பின் குருதியோட்டத்தைக் கவனி, அதன்பின் மற்றவற்றைக் கவனி என்ற ஒழுங்கை மாணவர் ஆங்கில நூல்களிற் கற்கின்றனர். அது நன்றே. ஆனால் வார்ட்டிலே கட்டிலிற் கிடக்கும் ஆச்சி தமிழிலேதான் நோவாள். மருந்தை எப்பொழுது, எவ்வளவு எடுக்கவேண்டும் என்று விரைந்து சொல்லிவிட்டு விளங்கியதா என்று கேட்டால், விளங்காவிட்டாலும் ஓம் என்பாள். அந்த ஓமை நம்பி வீட்டுக்கு அனுப்பினால், நல்ல மருந்தே நஞ்சாகவுங்கூடும். சொன்னதை ஆச்சியே திருப்பிச் சொல்லும்படி கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தாதியர் பயிலும் தம்பி தங்கையரே, ஒவ்வொரு பாடத்தையும் படித்து முடித்தபின் அதனை உங்கள் வீட்டு முதியவர் ஒருவருக்குத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கவில்லையானால் நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை. பெரியோர்களே, விளங்காதபோது ஓம் என்னாதீர்கள். மறுபடி சொல்லும்படி கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை.