ஜோடி இல்லாமல் ஜெயித்த குரல்



பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டமாகட்டும், நம்ம பக்கத்து எந்த ஊர் நோம்பியாகட்டும், ரேடியோ செட் கட்டினால் அந்தக் கணீர்க் குரல் கேட்காமல் இருக்காது. அது கே.பி.சுந்தராம்பாளின் குரல். 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். பக்திப் பாட்டுக்காரர் என்பதோடு அவரை நிறுத்திவிடுகிறோம். தொழில் செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு கதையும் இருக்கிறது.

சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரர் காதுக்கும் பாட்டு எட்டணும். அப்படி உரம் ஏறிய குரல் அது.

இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். மேடை ஜோடி வாழ்க்கை ஜோடியும் ஆனது. கூட்டம் அலைமோதியது. ஆனால் 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஜோடிப் பொருத்தம் பார்த்தே டிக்கெட் விற்ற தொழிலில், இது கடையைச் சாத்துவதற்குச் சமம்.

கடை சாத்தவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக அவரே ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் அது மலைக்க வைத்த தொகை. அப்புறம் 'மணிமேகலை' (1940), 'அவ்வையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965). பக்தர், துறவி, கிழவி என்று, ஜோடி தேவைப்படாத வேடங்களே அவருடையவை ஆயின. காதல் நாயகி வேடங்கள் போனது போனதுதான், படங்களும் சொற்பம்தான். அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

1951இல் சென்னை மாநில மேலவை உறுப்பினர் ஆனார். 'துணைவன்' பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பாடகி தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

நம்ம ஊரில் பார்ட்னர் போய்விட்டால், கம்பெனியை மூடுவதா, வேறு ஆளைச் சேர்ப்பதா என்று இரண்டே வழிதான் பேசுவோம். சுந்தராம்பாள் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். தன்னிடம் மிச்சமிருந்தது குரல் என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ற வேலையை மட்டும் எடுத்தார். விலையை மட்டும் குறைக்கவில்லை.