பழைய விமான இயந்திரத்தில் ஓடிய கார்

நம் நாட்டில் கப்சாய் ஓடாத தெரு இல்லை. தோட்டத்தில் பால் வாளியைச் சுமந்ததும், பசாருக்கு மீன் கூடையை ஏற்றிச் சென்றதும், இன்று நம் வீட்டு வாசலுக்கு உணவுப் பொட்டலத்தைக் கொண்டு வருவதும் அந்தச் சிறிய மோட்டார் சைக்கிள்தான். அதன் பெயரில் உள்ள ‘கப்’, ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டியிலிருந்து வந்தது. சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் அதனோடு சேர்ந்து கப்சாய் ஆனது.

அந்த வண்டிக்குப் பின்னால் இருந்தவர் சொய்ச்சிரோ ஹோண்டா. ஆனால், இளம் வயதில் அவர் கைவைத்த வாகனங்களில் ஒன்று கப்சாய்க்கு நேர் எதிரானது. பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தில், கழித்துக் கட்டப்பட்ட விமான இயந்திரத்தைப் பொருத்திய பந்தயக் கார் அது. இன்று பழைய வாகனத்தைப் பிரித்து, பெரிய இயந்திரம் பூட்டி, தன் விருப்பப்படி கட்டிய காரை ‘ஹாட் ராட்’ என்கிறோம். கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை அப்படி மாற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் புகழ்பெற்றது 1930களிலும் 1940களிலும். தோக்கியோவில் ஒரு பட்டறைப் பையன் அதே வேலையை 1924ஆம் ஆண்டிலேயே செய்துகொண்டிருந்தான்.

கொல்லர் மகன்

சொய்ச்சிரோ 1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், இன்று ஹமமத்சு நகரின் பகுதியாக இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லர். சைக்கிள்களையும் பழுது பார்த்தார். தாயார் மிக்கா நெசவு நெய்தவர். வீட்டில் வசதி குறைவு. ஆனால் உலையும் சம்மட்டியும் சைக்கிள் சங்கிலிகளும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தன.

அந்தக் கிராமத்துக்குள் முதன்முதலாகக் கார் வந்தபோது, சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். தரையில் சொட்டிய எண்ணெயின் வாசனை அவனுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1917ஆம் ஆண்டு ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமத்சுவில் சாகசம் செய்து காட்டினார். பத்து வயதுச் சொய்ச்சிரோ தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இருக்கைக்குக் கால் எட்டாத நிலையிலும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மிதித்துப் போனான். நுழைவுக் கட்டணத்துக்குக் காசு போதவில்லை. மரத்தில் ஏறி உட்கார்ந்து விமானத்தைப் பார்த்தான்.

குழந்தை பார்க்கும் வேலை

1922ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்ததும், தோக்கியோவில் கார்களைப் பழுது பார்க்கும் ‘ஆர்ட் ஷோக்காய்’ என்ற பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 15. கனவோடு போனவருக்கு முதலில் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் கார்களைப் பிரிப்பதைப் பார்த்தபடியே மாதங்கள் கழிந்தன. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். திரும்பவில்லை.

முதலாளி யூஸோ சகாகிபாரா வெறும் பழுது பார்ப்பவர் அல்லர். பந்தயக் கார் கட்டும் ஆசை கொண்டவர். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. தீ பரவும் முன் வாடிக்கையாளர்களின் கார்களைப் பட்டறையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. சொய்ச்சிரோ முதன்முதலாகக் காரை ஓட்டியது அன்றுதான். வேலையாட்கள் பலர் ஊர்களுக்குத் திரும்பிவிட, எஞ்சியிருந்த சிலரில் அவரும் ஒருவர். அதனால் பெரியவர்கள் செய்யும் வேலைகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன.

இரண்டு பழைய பொருள்கள், ஒரு புதிய கார்

அந்தக் காலத்தில்தான் ‘கர்ட்டிஸ்’ பந்தயக் கார் உருவானது. அதன் இயந்திரம், கர்ட்டிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பயிற்சி விமானங்களுக்காகத் தயாரித்தது. எட்டு சிலிண்டர்கள், எட்டு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு, ஏறத்தாழ 90 குதிரைத் திறன். அடிச்சட்டம் மிட்செல் என்ற அமெரிக்கக் காருடையது.

இரண்டையும் இணைப்பது, கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். விமான இயந்திரம் நேரடியாகச் சுழல்விசிறியைச் சுற்றுவதற்காகப் பிறந்தது. அதற்கு கிளட்ச் தேவையில்லை; கியர் மாற்ற வேண்டியதில்லை. காருக்கு அவை இரண்டும் வேண்டும். அந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றுகளிலேயே தன் முழுத் திறனைக் காட்டும். இழுவிசை மிக அதிகம், சுழற்சியோ குறைவு. ஆகவே பல்சக்கர விகிதம் சரியாக அமையாவிட்டால், எவ்வளவு பெரிய இயந்திரமாக இருந்தாலும் கார் வேகமெடுக்காது. இன்று பழைய பிக்கப் லோரியில் பெரிய இயந்திரத்தைப் பூட்டுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போட வேண்டியுள்ளது. எடை எங்கே விழும், அடிச்சட்டம் தாங்குமா, நிறுத்தும் கருவி போதுமா என்ற கேள்விகள் அன்றும் இருந்தன; இன்றும் இருக்கின்றன.

பகல் முழுவதும் வாடிக்கையாளர் வேலை. மாலைக்குப் பிறகு பந்தயக் கார். 1924ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கர்ட்டிஸ் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி ஷின்இச்சி. பக்கத்து இருக்கையில் துணை மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர், 18 வயது தொடங்கிச் சில நாள்களே ஆன சொய்ச்சிரோ.

50இல் மூன்று

1928ஆம் ஆண்டு, 21 வயதில், அதே பட்டறையின் கிளையை ஹமமத்சுவில் தொடங்கினார். கார்ச் சக்கரங்களின் மர ஆரக்கால்களுக்குப் பதில் இரும்பு ஆரக்கால்களைச் செய்து பெயரும் பணமும் ஈட்டினார். ஃபோர்டு இயந்திரம் பூட்டிய பந்தயக் காரை 1936ஆம் ஆண்டு தோக்கியோ அருகே தாமகாவா ஓடுதளத்தில் ஓட்டினார். இன்னொரு காருடன் மோதி அவருடைய கார் தூக்கி எறியப்பட்டது. அவருக்கும் உடன் இருந்த தம்பி பெஞ்சிரோவுக்கும் பலத்த காயம்.

அதன்பின் பழுது பார்ப்பதை விட்டு, பிஸ்டன் வளையம் தயாரிக்க முனைந்தார். சிலிண்டருக்குள் எரியும் வாயு கசியாமல் தடுக்கும் சிறு வளையம் அது. சின்னப் பொருள்தானே என்று இறங்கியவரை அது படுத்தி எடுத்தது. எத்தனை இரவுகள் உழைத்தும் வளையம் கல்போல் இறுகியது, வளைந்து கொடுக்கவில்லை. இறுதியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரிடம் கொண்டு போனார். சோதித்தபோது வார்ப்பில் சிலிக்கன் போதவில்லை என்று தெரிந்தது.

இங்கேதான் அவர் வாழ்க்கை எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. அப்போது அவருக்கு 30 வயது. பல தொழிலாளர்களுக்கு முதலாளி. தம் கைக்குத் தெரியாதது ஒன்று உண்டு, அது புத்தகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஹமமத்சுவின் உயர் தொழில்நுட்பப் பள்ளியில் தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு போய் உட்கார்ந்தார். தேர்வு எழுதவில்லை, அதனால் சான்றிதழும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும், படிப்பு தேவையில்லை என்று சொல்ல நம்மில் சிலருக்கு ஆசை வரும். நடந்ததோ வேறு. தொயோத்தா நிறுவனம் அவருடைய வளையங்களில் 50ஐ எடுத்துச் சோதித்தபோது மூன்று மட்டுமே தேறின. பள்ளித் தேர்வைத் தவிர்த்தவரால் இந்தத் தேர்வைத் தவிர்க்க முடியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் அலைந்து கற்ற பிறகே, தரமான வளையங்களைப் பெருமளவில் தயாரிக்க முடிந்தது. அவர் சான்றிதழைத்தான் ஒதுக்கினார், பாடத்தை அல்ல.

வெந்நீர்க் கலன்

போரில் குண்டுவீச்சும் 1945ஆம் ஆண்டு நிலநடுக்கமும் ஆலையைச் சிதைத்தன. மிஞ்சியதைத் தொயோத்தா குழுமத்திடம் விற்றுவிட்டு ஓராண்டு ஓய்வெடுத்தார். 1946ஆம் ஆண்டு, இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தர உருவாக்கப்பட்ட சிறு இயந்திரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உடனே பழைய பட்டறைப் பையன் விழித்துக்கொண்டான். அதைச் சைக்கிளில் பொருத்தினார். குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்க் கலனையே முதலில் எரிபொருள் தொட்டியாக்கினார். மனைவி சாச்சி அதை ஓட்டிப் பார்த்தார்.

பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ரயில்களில் கூட்டம் நெரிந்தது. அந்தச் சைக்கிளை மக்கள் தேடி வந்து வாங்கினர். ஏறத்தாழ 500 இயந்திரங்கள் தீர்ந்ததும், சொந்த இயந்திரம் செய்ய வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் பதிவானது. மறுஆண்டு சேர்ந்த தக்கேயோ ஃபுஜிசாவா, பணத்தையும் விற்பனையையும் கவனித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து உருவாக்கியதே சூப்பர் கப். மீ கிண்ணங்களை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப் பையனும் ஓட்ட வேண்டும் என்பதற்காக, இடக்கைக் கிளட்ச் இல்லாமல் அதை அமைத்தார்கள். கர்ட்டிஸ் காரில் ஒரேயொரு பந்தயத்துக்காகச் சிந்தித்தவர், இப்போது தெருவில் போகும் எல்லாருக்காகவும் சிந்தித்தார்.

கை அறிந்ததும் அறியாததும்

1960களில் கார் தயாரிப்பில் இறங்கியபோது அவருடைய பலமே பலவீனமானது. இயந்திரத்தைத் தண்ணீரால் குளிர்வித்தாலும், அந்தத் தண்ணீரைக் காற்றுதானே குளிர்விக்கிறது. நேராகக் காற்றையே பயன்படுத்தலாமே என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளில் அது வென்றிருந்தது. காரிலும் அதுதான் என்று பிடிவாதம் பிடித்தார்.

1968ஆம் ஆண்டு ஜூலையில், காற்றால் குளிரும் ஹோண்டா ஃபார்முலா ஒன் கார் பிரான்ஸில் பந்தயத்தில் இறங்கியது. அது இன்னும் தயாராகவில்லை என்று கருதிய அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் அதை ஓட்ட மறுத்திருந்தார். ஓட்டிய ஜோ ஷ்லேசர், தொடக்கச் சுற்றுகளிலேயே விபத்துக்குள்ளாகித் தீயில் உயிரிழந்தார். அதன் பிறகும் அடுத்த ஆண்டு சாலைக்கு வந்த ஹோண்டா 1300 கார், காற்றால் குளிரும் இயந்திரத்தோடுதான் வந்தது.

வாகனப் புகையைக் குறைக்க வேண்டுமானால் இயந்திரத்தின் வெப்பநிலையைச் சீராக வைத்திருக்க வேண்டும், அதற்குத் தண்ணீர்தான் ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் வாதாடினர். ஃபுஜிசாவாவும் அவரிடம் பேசினார். தலைவராக இருக்கப் போகிறாரா, பொறியாளராகவே நிற்கப் போகிறாரா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார். சொய்ச்சிரோ விட்டுக்கொடுத்தார்.

அந்தப் பொறியாளர்கள் உருவாக்கிய சிவிசிசி இயந்திரம், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதியை முதலாவதாக நிறைவேற்றியது. போட்டி நிறுவனங்களை வெல்ல இது வாய்ப்பு என்று தலைவர் மகிழ்ந்தபோது, தாங்கள் உழைத்தது நிறுவனத்துக்காக அல்ல, சமுதாயத்துக்காக என்று இளையவர்கள் திருத்தினார்கள். தம் காலம் முடிந்தது என்று உணர்ந்தவர், 1973ஆம் ஆண்டு ஃபுஜிசாவாவோடு சேர்ந்து பதவி விலகினார். மகனுக்குப் பதவியை விட்டுச் செல்லவில்லை.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், 84 வயதில் மறைந்தார். போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டு மக்களுக்குத் தொல்லையாகும் என்பதால், நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்.

கர்ட்டிஸ் கார் ஜப்பானின் மொத்தேகி நகரில் உள்ள ஹோண்டா அரும்பொருளகத்தில் இன்றும் இருக்கிறது. பழைய இரும்பிலிருந்து புதிய வாகனம் பிறக்கும் என்று அதைக் கட்டிய பையனுக்கு 17 வயதிலேயே தெரிந்திருந்தது. தமக்குப் பழகிப்போன எண்ணத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவருக்கு 60 வயது கடக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.