உளி பிடித்த கணிதப் பேராசிரியர்

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நகரம் செயிண்ட் லூயி. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் கற்பித்து வந்த ஆசிரியர் ஒருவர், 1870-களில் தம் மாணவர்களுக்குச் சிறு வேலையொன்று கொடுத்தார். பாடத்தை விளக்கும் சில உருவங்களை மரத்தில் செய்துவர வேண்டும், அவ்வளவுதான். தாளில் கணக்கை நொடியில் போட்டு முடிக்கும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் ரம்பத்தையும் உளியையும் கண்டதும் திகைத்து நின்றார்கள். நம்மில் பலர் முதலாண்டுப் பட்டறை வகுப்பில்தான் அரத்தை முதன்முதலாகத் தொட்டோம். ஆகவே அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை!

சிரிக்காமல் சிந்தித்த அந்த ஆசிரியர்தான் கால்வின் மில்ட்டன் உட்வர்டு. 1837-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிட்ச்பர்க்கில் பிறந்து, 1860-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, உள்நாட்டுப் போரில் வடவர் படையில் கேப்டனாகப் பணியாற்றி, 1865-ல் செயிண்ட் லூயிக்கு வந்து சேர்ந்தவர்.

கல்லூரிக்கு வந்தபின் கைக்குப் பயிற்சி தருவது காலங்கடந்த செயல் என்று அவருக்குப் பட்டது. உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும். எப்படி? வழி ருசியாவிலிருந்து வந்தது. மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்டர் தெல்லா-வாஸ், ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செய்கைகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடியதற்கு வரிசைப்படுத்தியிருந்தார். அறுப்பது, இழைப்பது, கழுந்து வெட்டுவது, துளையில் பொருத்துவது என ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஒரே ஆசான் ஒரு வகுப்பு முழுவதற்கும் கற்பிக்கலாம். ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்து தொழிலைக் கண்ணால் திருட வேண்டியதில்லை. இம்முறையின் மாதிரிகள் 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்கு வந்து அமெரிக்கக் கல்வியாளரின் கருத்தைக் கவர்ந்தன.

1879-ல் நிறுவப்பெற்ற உட்வர்டின் கைத்தொழிற் பயிற்சிப் பள்ளி 1880-ல் திறக்கப்பட்டது. பதினான்கு வயது நிரம்பிய சிறுவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. கணிதம், அறிவியல், மொழி ஆகியவற்றோடு நாள்தோறும் வரைபடமும் பட்டறையும் உண்டு. முதலில் தச்சும் கடைசலும், அடுத்து உலைக்களம், இறுதியில் இயந்திரப் பட்டறை. செய்த பொருளை விற்பது கூடாது என்பது அவர் கொள்கை. விற்பனை நுழைந்தால், நன்றாக வருகிற ஒன்றையே பையன் திரும்பத் திரும்பச் செய்வான். கற்பது நின்றுவிடும் அல்லவா? காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த திட்டம் இதற்கு நேர்மாறானது. கைவினையின் வருவாயே பள்ளியைத் தாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எதிர்ப்பும் வந்தது. செயிண்ட் லூயிப் பள்ளிகளின் மேற்பார்வையாளராயிருந்த வில்லியம் டாரி ஹாரிஸ், பள்ளியின் வேலை அறிவை வளர்ப்பதே, தச்சுப்பட்டறை அதற்கு உரிய இடமன்று என்று வாதிட்டார். உட்வர்டு தந்த விடை எளிது: நான் தச்சனையோ கொல்லனையோ உருவாக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும் தொட்டுப் பார்க்கட்டும், பின்பு அவரவர் வழியை அவரவரே தேர்ந்து கொள்ளட்டும் என்பதே அதன் சாரம்.

இங்கேதான் அவர் நமக்கு நெருங்கியவராகிறார். சென்னை மாகாணத்தில் 1953-ல் வந்த அரைநாள் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தவர்கள், உளியை வெறுத்தவர்கள் அல்லர். தச்சன் மகனுக்கு உளி, மற்றவன் மகனுக்குப் புத்தகம் என்றாகிவிடும் என்றே அஞ்சினர். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. உட்வர்டின் பள்ளியிலோ எல்லாப் பையன்கள் கையிலும் உளியும் இருந்தது, புத்தகமும் இருந்தது.

குறைகளும் உண்டு. பெண்களுக்கு அங்கே இடமில்லை. பையன்கள் வெட்டிய பொருத்துகள் பெரும்பாலும் வெறும் பயிற்சித் துண்டுகளே. சுவீடனில் ஆட்டோ சாலமனின் மாணவர்கள் வீட்டுக்குப் பயன்படும் கரண்டி போன்ற பொருள்களைச் செய்தார்கள். பிள்ளை மனத்துக்கு அதுவே உகந்தது என்பது என் எண்ணம்.

உட்வர்டு 1914-ல் மறைந்தார். 1917-ல் அமெரிக்க அரசு தொழிற்பயிற்சிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. தொழில் கற்கும் பையனுக்கு ஒரு வகுப்பு, கல்லூரிக்குச் செல்லும் பையனுக்கு வேறு வகுப்பு என்ற பிரிவினை அதன்பின் வேரூன்றியது.